ஜிம் கிரே

ஜிம் கிரே என்று பரவலாக அறியப்படும் ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே (பிறப்பு: ஜனவரி 12, 1944, கடலில் காணாமற்போனது: ஜனவரி 28, 2007) ஓர் அமெரிக்கக் கணினியியலாளர் ஆவார். தரவுத்தளம், பரிவர்த்தனைச் செயலாக்கம் ஆகிய துறைகளின் முன்னோடிகளுள் இவர் ஒருவர். இத்துறைகளுக்கு ஆற்றிய பணிக்காக 1998 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இவருக்கு வழங்கப்பட்டது. வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு முன்பதிவு, தானியங்கிப் பணப் பொறி போன்றவற்றுக்குப் பின்னால் இயங்கும் தரவுத்தளங்கள் பிழையின்றிச் செயற்படத் தேவையான அடிப்படைக் கருத்துகள் பலவற்றை இவர் வகுத்தார்.

தரவுத்தள வழங்கி ஒன்றில் எந்தத் தரவை முதன்மை நினைவகத்தில் வைப்பது, எதனை வட்டில் வைப்பது என்பதை விலைக் கணக்கைக் கொண்டு தீர்மானிக்கும் ஐந்து நிமிட விதியை வகுத்தவர்களுள் கிரேயும் ஒருவர். வன்தட்டுக்கும் பிளாஷ் நினைவகத்தால் ஆன திண்மநிலை வட்டுக்கும் (எஸ்.எஸ்.டி) இடையே தெரிவு செய்யும் கேள்வி பெரும்பாலோருக்கு எழுவதற்கு முன்னரே அதனை ஆராய்ந்து முடிவுகளை எழுதியவரும் இவரே. அந்த ஆய்வு இவருடைய இறுதி ஆய்வுகளுள் ஒன்றாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

கிரே கலிபோர்னியா மாநிலத்தின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். தாயார் ஆசிரியை, தந்தையார் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றியவர். குடும்பம் இத்தாலியின் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்ததால் கிரே தம் குழந்தைப் பருவத்தின் முதல் ஆண்டுகளை அங்கே கழித்தார். ஆங்கிலத்துக்கு முன்னர் இவர் பேசக் கற்றது இத்தாலிய மொழியாகும். பின்னர் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. பெற்றோர் மணமுறிவு பெற்றதை அடுத்துத் தாயாருடன் சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தார்.

1961 ஆம் ஆண்டு பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காக இடையிடையே தொழில் நிறுவனங்களிலும் வேலை பார்த்தார். வேதியியலில் மதிப்பெண்கள் குறைந்ததால் மனம் சோர்ந்து ஆறு மாதங்கள் படிப்பை விட்டு விலகியிருந்தார். வெளியே கிடைத்த வேலை அதைவிடக் கசப்பாக இருந்தமையால் மீண்டும் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். 1966 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

அதன் பின்னர் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில் சில காலம் பணியாற்றினார். வாரத்தில் மூன்று நாட்கள் அங்கு வேலையும், இரண்டு நாட்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரன்ட் நிறுவனத்தில் மேற்படிப்புமாக அக்காலம் கழிந்தது. பின்பு பெர்க்லிக்குத் திரும்பி, மைக்கேல் ஹாரிசன் என்பாரின் வழிகாட்டுதலில் நிரலாக்க மொழிகள் பற்றி ஆராய்ந்து 1969 இல் முனைவர் பட்டம் பெற்றார். பெர்க்லியின் கணினி அறிவியல் துறை வழங்கிய முதல் முனைவர் பட்டம் இதுவாகும்.

ஐ.பி.எம். நிறுவனத்தில்

1970களில் கிரே ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஒசே ஆய்வகத்தில் பணியாற்றினார். உலகின் முதல் வணிக வன்தட்டு 1956 இல் இதே நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகத்திலேயே உருவாக்கப்பட்டது. எட்கர் காட் 1970 இல் வெளியிட்ட தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாட்டை உண்மையில் இயங்கும் மென்பொருளாக்கும் நோக்கில் அங்கு சிஸ்டம் ஆர் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று எங்கும் பயன்படும் எஸ்.கியூ.எல். வினவல் மொழி இத்திட்டத்தில் பிறந்ததாகும். இதில் கிரே, பலர் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும்போது எழும் சிக்கல்களையும், இடையில் கணினி நின்றுபோனால் தரவை மீட்கும் முறையையும் கவனித்தார்.

இச்சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் தம் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு 1000 ரூபாய் அனுப்புகிறார் என்க. முதற் கணக்கில் பணம் கழிக்கப்பட்டு, இரண்டாவது கணக்கில் சேர்க்கப்படும் முன் மின்சாரம் நின்றுபோனால் அப்பணம் எங்கும் இல்லாமற் போய்விடும். இவ்விரு செயல்களும் ஒன்றாகவே நிகழ வேண்டும், அல்லது இரண்டுமே நிகழாதிருக்க வேண்டும். இவ்வாறு பிரிக்க இயலாத ஒரு தொகுதியாகக் கருதப்படும் செயல்களே பரிவர்த்தனை எனப்படுகின்றன. கிரே இக்கருத்துக்குத் தெளிவான வரையறை தந்ததுடன், அதனை நடைமுறைப்படுத்தும் உத்திகளையும் உருவாக்கினார். அவற்றுள் முதன்மையானவை:

- தரவின் பெரும்பகுதியையோ ஒரே ஒரு பதிவையோ தேவைக்கேற்பப் பூட்டும் பல்நிலைப் பூட்டு முறை.
- ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுப் பக்கங்களில் எழுதும் முன் பதிவேடு ஒன்றில் (லாக்) எழுதிவைத்து, கணினி நின்றுபோனால் அப்பதிவேட்டைக் கொண்டு தரவை மீட்கும் முறை.
- பல கணினிகளில் பரவியுள்ள ஒரு பரிவர்த்தனையை எல்லாக் கணினிகளும் ஒருசேர ஏற்கவோ கைவிடவோ செய்யும் இருகட்ட உறுதிப்பாட்டு முறை.

இவை அனைத்தையும் அவர் ஒருவரே கண்டறிந்தார் என்று கூற இயலாது. பல ஆய்வாளர்கள் இவற்றில் பங்கேற்றனர். எனினும் இவற்றைத் தெளிவாக எழுதி, முழுமையான ஒரு துறையாக வடிவமைத்ததில் கிரேயின் பங்கு பெரிது. 1978 இல் வெளிவந்த இவருடைய விரிவுரைக் குறிப்புகள் நெடுங்காலம் இத்துறையின் கையேடாக விளங்கின. பரிவர்த்தனையின் பண்புகளான பிரியாமை, முரணின்மை, தனிமை, நிலைப்பு ஆகிய நான்கையும் சேர்த்து ஆசிட் என்னும் சுருக்கப் பெயரை 1983 இல் தியோ ஹார்டர், ஆந்திரியாஸ் ராய்ட்டர் ஆகியோர் வழங்கினர். அதற்குக் கிரேயின் பணிகளே அடித்தளமாக அமைந்தன.

டாண்டம் நிறுவனத்தில்

1980 இல் கிரே டாண்டம் கணினி நிறுவனத்தில் சேர்ந்தார். ஓர் உறுப்பு பழுதடைந்தாலும் நிற்காமல் இயங்கும் கணினிகளை இந்நிறுவனம் தயாரித்து, வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் விற்றுவந்தது. வாடிக்கையாளர்களின் கணினிகள் உண்மையில் எக்காரணங்களால் நிற்கின்றன என்பதை ஆராய்ந்து கிரே 1985 இல் ஓர் அறிக்கை எழுதினார். வன்பொருட் பழுதுகளைவிட, நிர்வாகத்தில் நேரும் தவறுகளும் மென்பொருட் பிழைகளுமே பெரும்பான்மையான நிறுத்தங்களுக்குக் காரணம் என்று அதில் காட்டினார். நம்பகமான கணினி என்றால் நல்ல வன்பொருள் மட்டுமே என்ற எண்ணத்தை இவ்வறிக்கை மாற்றியது.

அதே ஆண்டு, வெவ்வேறு நிறுவனங்களின் தரவுத்தளக் கணினிகளை ஒப்பிடுவதற்கான அளவுகோல் ஒன்றை முன்வைக்கும் கட்டுரை வெளியானது. கிரே பலரிடம் கருத்துக் கேட்டு இதனை எழுதினார்; ஆனால் பெயர் குறிப்பிடாமலேயே வெளியிட்டார். ஒரு வங்கியின் வரவு செலவுப் பரிவர்த்தனைகளை ஒரு நொடிக்கு எத்தனை முறை செய்ய இயலும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்ற இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் சாரம். இந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1988 இல் டி.பி.சி. எனப்படும் பரிவர்த்தனைச் செயலாக்கச் செயல்திறன் மன்றம் தோன்றியது. வேகத்தைத் தனியே கூறாமல் அதன் விலையுடன் சேர்த்தே கூறும் வழக்கம் இவருடைய பிற்காலப் பணிகள் அனைத்திலும் காணப்படுகிறது.

ஒரே தரவை இரண்டு வட்டுகளில் எழுதிவைக்கும் நிழல் வட்டு முறையைப் பற்றி டீனா பிட்டன் என்பாருடன் இணைந்து 1988 இல் ஒரு கட்டுரையும் எழுதினார்.

ஐந்து நிமிட விதி

டாண்டம் நிறுவனத்தில் இருந்தபோது கிரேயும் உடன் பணியாற்றிய பிராங்கோ புட்சோலுவும் இணைந்து எழுதிய ஐந்து நிமிட விதி பற்றிய கட்டுரை 1987 இல் ஆய்வு மாநாடு ஒன்றில் வெளியாயிற்று. அக்காலத்தில் முதன்மை நினைவகத்தின் விலை மிக அதிகம். வட்டு மலிவானது, ஆனால் மெதுவானது. எனவே எந்தத் தரவை நினைவகத்திலேயே நிலையாக வைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி ஒவ்வொரு வடிவமைப்பாளருக்கும் எழுந்தது. பலர் இதனை அனுபவத்தைக் கொண்டு உத்தேசமாகத் தீர்மானித்துவந்தனர். கிரேயும் புட்சோலுவும் இதனை எளிய வகுத்தற் கணக்காக மாற்றினர்.

அவர்களுடைய கணக்கு பின்வருமாறு:

- வட்டு ஒன்று நொடிக்கு ஓர் அணுகல் வீதம் செய்வதற்கான விலை, வட்டின் விலையையும் அதனை இயக்கும் செயலி முதலியவற்றின் பங்கையும் சேர்த்து, ஏறத்தாழ 2000 டாலர்.
- ஒரு மெகாபைட்டு நினைவகத்தின் விலை ஏறத்தாழ 5000 டாலர். எனவே ஒரு கிலோபைட்டுக்கு 5 டாலர்.
- ஒரு கிலோபைட்டு அளவுள்ள பதிவொன்று நொடிக்கு ஒருமுறை தேவைப்பட்டால், அதனை நினைவகத்தில் வைக்க 5 டாலர் செலவிட்டு, வட்டில் 2000 டாலரை மிச்சப்படுத்தலாம்.
- பத்து நொடிக்கு ஒருமுறை மட்டுமே தேவைப்பட்டால் மிச்சமாவது 200 டாலர். செலவும் மிச்சமும் சமமாகும் புள்ளி 2000 ஐ 5 ஆல் வகுக்கக் கிடைக்கும் 400 நொடி.

400 நொடி என்பதை முழுமைப்படுத்தி ஐந்து நிமிடம் என்றனர். அதாவது, ஐந்து நிமிடங்களுக்குள் மீண்டும் தேவைப்படும் தரவு நினைவகத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் நேரம் கழித்துத் தேவைப்படும் தரவு வட்டில் இருக்கலாம். இவ்விதியில் வட்டின் கொள்ளளவு இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வட்டை வாங்குவோர் அதன் கொள்ளளவுக்கு விலை தருவதாக எண்ணுகின்றனர். ஆனால் பரபரப்பான தரவுத்தளம் ஒன்றுக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது, நொடிக்கு எத்தனை முறை வட்டை அணுக இயலும் என்பதேயாகும்.

பத்து ஆண்டுகளுக்குப் பின், 1997 இல், கிரேயும் கோட்ஸ் கிரேஃப் என்பாரும் இவ்விதியை மீண்டும் கணக்கிட்டனர். இம்முறை அதனைப் பொதுவான சூத்திரமாக எழுதினர். ஒரு மெகாபைட்டு நினைவகத்தில் அடங்கும் பக்கங்களின் எண்ணிக்கையை வட்டின் நொடிக்கான அணுகல் எண்ணிக்கையால் வகுத்து, அதனை வட்டின் விலைக்கும் ஒரு மெகாபைட்டு நினைவகத்தின் விலைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். அப்போதைய எண்களான 128 பக்கங்கள், 64 அணுகல்கள், 2000 டாலர், 15 டாலர் ஆகியவற்றை இட்டால் 266 நொடி கிடைக்கும். பத்தாண்டுகளில் விலைகளும் வேகங்களும் பன்மடங்கு மாறியிருந்தும், ஒரு விகிதம் குறைந்தபோது மற்றது உயர்ந்ததால், விடை ஏறத்தாழ ஐந்து நிமிடமாகவே நின்றது. இது தற்செயலானது என்பதையும், விகிதங்கள் மாறினால் விடையும் மாறும் என்பதையும் சூத்திரமே காட்டுகிறது.

மைக்ரோசாப்ட் ஆய்வகத்தில்

1990 இல் கிரே டிஜிட்டல் எக்குயிப்மென்ட் நிறுவனத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். இக்காலத்தில் ஆந்திரியாஸ் ராய்ட்டருடன் இணைந்து பரிவர்த்தனைச் செயலாக்கம் பற்றி இவர் எழுதிய, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் வெளிவந்தது. 1995 இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இவருக்காக அந்நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவிலேயே சிறிய ஆய்வகம் ஒன்றை நடத்தியது.

அங்கு இவர் மிகப் பெரிய தரவுத் தொகுதிகளைச் சாதாரண கணினிகளைக் கொண்டு கையாளும் முறையை ஆராய்ந்தார். 1998 இல் தொடங்கப்பட்ட டெராசர்வர் என்னும் தளம், வானிலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் எடுக்கப்பட்ட நிலப்படங்களைப் பொதுமக்கள் இணையத்தில் காண வழி செய்தது. தரவுத்தளம் ஒன்று டெராபைட்டு அளவைத் தாங்குமா என்று சோதிப்பதே அதன் முதல் நோக்கமாகும். அதன் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வானியலாளர் அலெக்ஸ் சலாயுடன் இணைந்து, சுலோன் எண்முறை வான் ஆய்வின் தரவுகளை யாவரும் வினவத்தக்க ஸ்கைசர்வர் என்னும் தளத்தை 2001 இல் உருவாக்கினார். வானியலாளர் கேட்க விரும்பும் இருபது கேள்விகளை முதலில் எழுதச் செய்து, அவற்றுக்கு விடை தரும் வகையில் தரவுத்தளத்தை வடிவமைப்பது இவருடைய வழக்கம்.

இப்பணியின்போது பல டெராபைட்டு தரவை ஆய்வாளர்களிடையே அனுப்ப வேண்டியிருந்தது. அன்றைய இணைய வேகத்திலும் கட்டணத்திலும் அது கட்டுப்படியாகாது என்று கணக்கிட்ட கிரே, வட்டுகள் நிரம்பிய முழுக் கணினிகளையே அஞ்சற் பொதியாக அனுப்பினார். அதற்கான செலவையும் நேரத்தையும் ஒப்பிட்டு 2002 இல் அறிக்கையும் வெளியிட்டார்.

வன்தட்டும் பிளாஷ் நினைவகமும்

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின் மீது ஒரு கை நகர்ந்து சென்று தரவைப் படிக்கிறது, எழுதுகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அதிற் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். கை நகர்வதற்கும் சில மில்லிநொடிகள் தேவை. எனவே இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படித்தால் இத்தகைய வட்டு நொடிக்கு ஏறத்தாழ நூறு அணுகல்களையே தர இயலும். மின்னணுப் பகுதிகள் எவ்வளவு வளர்ந்தாலும் கையும் சுழற்சியும் இயந்திர அசைவுகள் என்பதால் இந்த எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை. ஆனால் கொள்ளளவு மட்டும் பன்மடங்கு உயர்ந்தது.

இதன் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு டெராபைட்டு வட்டை நொடிக்கு 100 மெகாபைட்டு வேகத்தில் தொடக்கம் முதல் இறுதி வரை வரிசையாகப் படித்தால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். அதே வட்டை 8 கிலோபைட்டு பக்கங்களாக, ஒழுங்கற்ற வரிசையில், நொடிக்கு 100 பக்கம் வீதம் படித்தால் 14 நாட்களுக்கு மேல் ஆகும். வரிசையாகப் படித்தால் மட்டுமே பயன் தருவது காந்த நாடாவின் இயல்பு. வன்தட்டும் அந்நிலையை நோக்கிச் செல்வதைக் கிரே பல ஆண்டுகளாகச் சுட்டிவந்தார்.

2006 டிசம்பரில் இவர் வழங்கிய உரையில் இக்கருத்தை நிறைவாக முன்வைத்தார். காந்த நாடாவின் காலம் முடிகிறது, அதன் இடத்துக்கு வன்தட்டு வருகிறது, வன்தட்டு இதுவரை இருந்த இடத்துக்குப் பிளாஷ் நினைவகம் வருகிறது என்பது அதன் சாரம். அந்நாளில் பிளாஷ் நினைவகம் பெரும்பாலும் எண்முறைப் படக்கருவிகளிலும் பாட்டுக் கருவிகளிலும் கையடக்கச் சேமிப்புக் கருவிகளிலும் பயன்பட்டது. அதனை வழங்கிகளுக்கு உரியதாகக் கருதியோர் குறைவு.

வழக்கம்போல் கிரே இதனை அளந்து பார்த்தார். பாப் பிட்ஸ்ஜெரால்டு என்பாருடன் இணைந்து, 32 கிகாபைட்டு பிளாஷ் வட்டு ஒன்றைச் சோதித்து அறிக்கை எழுதினார். அவர்கள் கண்டவை இரண்டு. முதலாவது, அசையும் பாகம் ஏதும் இல்லாததால் பிளாஷ் வட்டு ஒழுங்கற்ற வரிசையிலும் நொடிக்கு ஆயிரக்கணக்கில் படிக்கிறது. மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகிறது. இரண்டாவது, அதே வட்டு ஒழுங்கற்ற வரிசையில் எழுதும்போது வன்தட்டைவிட மெதுவாகிவிடுகிறது.

இரண்டாவதற்குக் காரணம் பிளாஷ் நினைவகத்தின் அமைப்பாகும். அதில் ஒருமுறை எழுதிய இடத்தின் மேல் நேரடியாக மீண்டும் எழுத இயலாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதோ பல பக்கங்கள் அடங்கிய பெரிய தொகுதியாகவே நிகழும். சிறிய மாற்றம் ஒன்றுக்காக ஒரு முழுத் தொகுதியையும் படித்து, அழித்து, மீண்டும் எழுத நேர்ந்ததால் அன்றைய வட்டு திணறியது. மேலும், ஒவ்வொரு தொகுதியையும் வரம்புக்கு உட்பட்ட முறையே அழிக்க இயலும்.

இதனைக் கண்டு பிளாஷ் வட்டு தரவுத்தளத்துக்கு ஆகாது என்று அவர்கள் முடிவு கட்டவில்லை. மாற்றங்களைப் பழைய இடத்திலேயே எழுதாமல், பதிவேட்டில் எழுதுவதுபோல் புதிய இடங்களில் வரிசையாக எழுதி, எந்தப் பக்கம் எங்கு உள்ளது என்ற அட்டவணையை வட்டே வைத்துக்கொண்டால் இக்குறை நீங்கும் என்று கணக்குடன் காட்டினர். தரவுத்தளத்தை மீட்பதற்காக உருவான பதிவேட்டு முறையே வட்டின் உட்புற அமைப்புக்கும் தீர்வாயிற்று. பின்னர் வந்த திண்மநிலை வட்டுகள் இத்தகைய அட்டவணை முறையிலேயே இயங்குகின்றன. இவ்வறிக்கை ஜனவரி 2007 நாளிட்டது. 2008 இல், கிரே காணாமற்போன பின், இதழில் வெளியானது.

விதியின் பிற்கால நிலை

கிரேயின் பரிந்துரையை ஏற்று கோட்ஸ் கிரேஃப் 2007 இல் ஐந்து நிமிட விதியை மூன்றாம் முறையாக ஆராய்ந்தார். நினைவகத்துக்கும் வன்தட்டுக்கும் இடையே பிளாஷ் நினைவகம் புதிய படிநிலையாக அமைவதால் ஒரு விதிக்குப் பதில் இரண்டு விதிகள் தேவைப்படுகின்றன என்று அவர் காட்டினார். அக்கட்டுரையைக் கிரேயின் நினைவுக்கு உரித்தாக்கினார். மேலும் பத்தாண்டுகள் கழித்து, 2017 இல், வேறு ஆய்வாளர்களுடன் இணைந்து மீண்டும் கணக்கிட்டபோது, நினைவகத்துக்கும் வன்தட்டுக்கும் இடையிலான சமநிலைக் காலம் சில மணி நேரமாக நீண்டிருந்தது. நினைவகத்துக்கும் திண்மநிலை வட்டுக்கும் இடையிலான காலமோ சில நிமிடங்களாகச் சுருங்கியிருந்தது. கிரேயும் புட்சோலுவும் 1987 இல் வன்தட்டுக்குக் கூறிய இடத்தைப் பிளாஷ் பிடித்துக்கொண்டது என்பதே இதன் பொருள்.

கிரேயின் முறையைப் பின்பற்றி, தரவுத்தள வழங்கிக்கு வட்டைத் தெரிவு செய்வோர் பொதுவாகக் கவனிக்க வேண்டியவை:

- அணுகல் வீதம்: நொடிக்குப் பல்லாயிரம் சிறிய பரிவர்த்தனைகள் நிகழும் தரவுக்கு, ஓர் அணுகலுக்கான விலையை ஒப்பிட வேண்டும். இக்கணக்கில் திண்மநிலை வட்டே மலிவானது. இதே வேகத்தை வன்தட்டில் பெற நூற்றுக்கணக்கான வட்டுகளை வாங்கி, அவற்றின் கொள்ளளவில் பெரும்பகுதியை வெறுமையாக விட நேரும்.
- கொள்ளளவு: எப்போதோ ஒருமுறை படிக்கப்படும் பழைய பதிவுகள், காப்புப் படிகள் போன்றவற்றுக்கு ஒரு டெராபைட்டுக்கான விலையை ஒப்பிட வேண்டும். இக்கணக்கில் வன்தட்டு மலிவானது.
- அணுகல் ஒழுங்கு: பெரிய கோப்புகளை வரிசையாகப் படிக்கும் பணியில் வன்தட்டின் குறை அவ்வளவாகத் தெரியாது. ஒழுங்கற்ற அணுகலிலேயே இரண்டுக்குமான வேறுபாடு மிகப் பெரிது.
- எழுதும் அளவு: திண்மநிலை வட்டு தன் வாழ்நாளில் தாங்கும் எழுத்தின் அளவைத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். இடைவிடாது எழுதப்படும் தரவுத்தளத்துக்கு இதனைப் பார்த்தே வாங்க வேண்டும்.
- நிலைப்பு: பதிவேடு வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று வட்டு தெரிவித்த பின்னரே பரிவர்த்தனை முடிந்ததாகத் தரவுத்தளம் அறிவிக்கிறது. வட்டு தன் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு அவ்வாறு தெரிவித்தால், மின்தடையின்போது வாடிக்கையாளரின் பணம் மறைந்துபோகக்கூடும். வழங்கிகளுக்கான திண்மநிலை வட்டுகள் பலவற்றில் இதற்காகவே மின்தேக்கிகள் பொருத்தப்படுகின்றன.

எவ்வகை வட்டானாலும் ஒருநாள் பழுதடையும் என்பதால் இணைவட்டும் காப்புப் படியும் இரண்டுக்கும் பொதுவான தேவைகளாகும்.

காணாமற்போதல்

கிரே பாய்மரப் படகு ஓட்டுவதில் பெருவிருப்பம் உடையவர். 2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை அன்று, மறைந்த தம் தாயாரின் சாம்பலைக் கடலில் தூவுவதற்காக, டெனேசியஸ் என்னும் தம் 40 அடி நீளப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாரலான் தீவுகளை நோக்கித் தனியே புறப்பட்டார். அன்று வானிலை தெளிவாக இருந்தது. படகிலிருந்து ஆபத்துக் குறிப்பு ஏதும் வரவில்லை. அவர் திரும்பவும் இல்லை.

அமெரிக்கக் கடலோரக் காவற்படை வானூர்திகளையும் படகுகளையும் கொண்டு நான்கு நாட்கள் தேடியது; எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. அதன் பின் அவருடைய நண்பர்களும் மாணவர்களும் தேடலைத் தொடர்ந்தனர். செயற்கைக்கோள் ஒன்று அக்கடற்பகுதியைப் படமெடுத்தது. அப்படங்கள் ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கப்பட்டு, அமேசான் நிறுவனத்தின் மெக்கானிக்கல் டர்க் சேவையில் இடப்பட்டன. பல்லாயிரம் தன்னார்வலர்கள் ஒவ்வொரு துண்டிலும் படகின் உருவைத் தேடினர். நிலப்படங்களை முதன்முதலாகப் பொதுமக்கள் கணினிக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவரைத் தேட அதே வகைப் படங்களே பயன்பட்டன. பெப்ரவரி 16 அன்று நண்பர்கள் தேடலை நிறுத்தினர். குடும்பத்தினர் மேற்கொண்ட கடலடித் தேடலும் மே மாத இறுதியில் முடிவுற்றது. படகும் கிடைக்கவில்லை. 2012 இல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

விருதுகளும் நினைவும்

- 1995: அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழக உறுப்பினர்.
- 1998: டூரிங் விருது.
- 2001: அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்.

2008 மே 31 அன்று பெர்க்லியில் இவருக்கு நினைவுக் கூட்டம் நடைபெற்றது. அதே ஆண்டு வெளியான மைக்ரோசாப்டின் உலகளாவிய தொலைநோக்கி மென்பொருள் இவர் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது. காணாமற்போவதற்குச் சில நாட்கள் முன்னர், 2007 ஜனவரி 11 அன்று, தரவை அடிப்படையாகக் கொண்டு அறிவியல் ஆய்வு செய்யும் முறையைச் செய்முறை, கோட்பாடு, கணினிப் போலச்செய்தல் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது வழியாக விளக்கி இவர் ஆற்றிய உரை, 2009 இல் வெளியான கட்டுரைத் தொகுப்பு நூல் ஒன்றுக்கு அடிப்படையாயிற்று. தரவுத்தளத் துறையில் சிறந்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருதும், மிகப் பெரிய தரவுத் தொகுதியை வரிசைப்படுத்தும் வேகத்தை அளக்கும் போட்டியும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.